பட்டமளிப்பு அங்கியை இணையத்தில் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

என் தங்கையின் முதுகலை அறிவியல் பட்டமளிப்பு விழாவுக்காக இணையத்தில் ஒரு வாடகை நிறுவனத்திடம் அங்கி பதிவு செய்தோம். பல்கலைக்கழகம், பட்டம், துறை, உயரம் என எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வாடகையோடு டெபாசிட்டும் கட்டியாயிற்று. விழாவுக்கு முந்தைய நாள் மாலைதான் பார்சல் வந்தது.

பிரித்தால், இளங்கலை அங்கி! கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் பல்கலைக்கழகம் பின்பற்றுவது 1895இல் அமெரிக்காவில் வகுத்த விதிமுறை. அதன்படி இளங்கலை அங்கியின் கை கூர்முனையாக இறங்கும். முதுகலைக்குக் கை நீளமாகத் தொங்கும், முன்பக்கம் பிறை போல வெட்டியிருக்கும். முதுகில் போடும் ஹுட் மூன்றரை அடி இருக்க வேண்டும், வந்தது மூன்றடி. அறிவியலுக்கு வெல்வெட் ஓரம் பொன்மஞ்சள். இவர்கள் அனுப்பியதோ வெள்ளை, அதாவது கலைப் பிரிவுக்கு உரியது. அதுவும் வெல்வெட் இல்லை, பசை வைத்து ஒட்டிய ரிப்பன். ஓரமெல்லாம் பசை காய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது. உள்துணியின் நிறம் வேறு ஏதோ பல்கலைக்கழகத்துடையது.

போன் செய்தால், "கருப்பா இருந்தா போதுங்க, மேடையில யாரு பார்க்கப் போறாங்க?" என்கிறார்கள். இந்தப் பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என்ன படித்தாள், எதுவரை படித்தாள் என்பதைச் சொல்லத்தானே அந்தக் கையும் நிறமும்!

நல்லவேளையாக, துறை அலுவலகத்தில் உபரியாக இருந்த ஓர் அங்கியைத் தந்து உதவினார்கள். வாடகை அங்கியை அணியாமலே திருப்பி அனுப்பினோம். அப்புறம் வந்தது அடுத்த அடி: கழுத்துப்பட்டியில் கறையாம், டெபாசிட் கிடையாதாம். பார்சலைப் பிரித்தபோது எடுத்த படத்திலேயே அந்தக் கறை இருக்கிறது.

வாடகைக்கு எடுக்கும் முன் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள். பல இடங்களில் அவர்களே அங்கி தருபவரை ஏற்பாடு செய்திருப்பார்கள். வெளியில்தான் எடுக்க வேண்டும் என்றால், விளம்பரப் படத்தை நம்பாமல், அனுப்பப்போகும் அங்கியின் கை, ஹுட்டின் ஓரம், உள்துணி மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு மாதிரி, கேம்பிரிட்ஜுக்கு வேறு மாதிரி. ஒன்றின் ஹுட் இன்னொன்றுக்கு ஆகாது. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ கட்டாயம்.

படங்களை அனுப்பிவிட்டோம். டெபாசிட் இன்னும் வரவில்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை.