ஜூனியர் வக்கீல்களுக்கான ஆன்லைன் கெரியர் கோர்ஸ்: 4,999 ரூபாய்க்கு ஒர்த்தா?

பிசினஸ் டல்லான காலத்துல இளம் வக்கீல் எப்படி தாக்குப்பிடிக்கறதுன்னு சொல்லித்தர்ற கோர்ஸ் இது, விலை 4,999, ஜிஎஸ்டி தனி. பேரு போடல, இன்ஸ்டாகிராம் திறக்குற ஜூனியர் எல்லாருக்கும் அந்த விளம்பரம் கண்டிப்பா வந்திருக்கும். ஜூனியர் கையில இது சின்ன காசு இல்ல, அதனால வாங்கறதுக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க.

ஆரம்ப வீடியோ எல்லாம் சுத்த அமெரிக்கா. 2008 பொருளாதார சரிவு, லேத்தம் அண்ட் வாட்கின்ஸ்ங்கற அமெரிக்க சட்ட நிறுவனம் 2009 பிப்ரவரில ஒரே அடியா 190 அசோசியேட்டை, அதாவது சம்பள வக்கீலை, வீட்டுக்கு அனுப்புன கதை, அப்புறம் பார்ட்னர்கிட்ட ஃபீட்பேக் கேளு, ஆறு மாச செலவுக்கு பணம் சேத்து வை, லிங்க்ட்இன் ப்ரொஃபைலை தூசி தட்டுன்னு. ஏங்க, பாரிமுனைல ஒரு சீனியர் ஆபீஸ்ல கேஸ் கட்டு தூக்கிட்டு அலையிறவனுக்கு யாரு லே ஆஃப் லெட்டர் குடுக்கப்போறா, அப்பாயின்ட்மென்ட் லெட்டரே கிடையாதே! நம்ம ஊர்ல மந்தம்னா கட்சிக்காரர் சீனியருக்கு ஃபீஸ் பாக்கி வெப்பாரு, சீனியர் நம்மகிட்ட "அடுத்த மாசம் பாத்துக்கலாம்ப்பா"ன்னுவாரு, முடிஞ்சுது.

இதைப்பத்தி பேசறதுக்கு நிறைய விஷயம் இருக்கு. ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் குறைஞ்சது 20,000, மத்த ஊர்ல 15,000 ஸ்டைபண்ட் குடுக்கணும்னு சர்க்குலர் விடச்சொல்லி மெட்ராஸ் ஹைகோர்ட் 2024 ஜூன்லயே, வக்கீல்களைப் பதிவு பண்ற பார் கவுன்சிலுக்கு சொல்லிடுச்சு. அதை வெச்சு சீனியர்கிட்ட எப்படி வாயைத் திறக்கறது, முழுசா வராதுன்னா பதிலுக்கு என்ன கேக்கறது, சொந்தமா ரெண்டு கேஸ் எடுத்துக்க அனுமதி வாங்கறது எப்படி, இதுதானே நமக்கு வேணும்? கோர்ஸ்ல ஒரு வரி இல்ல.

அடுத்தது ஆபத்தானது, மார்க்கெட்டிங் பகுதி. ரீல்ஸ் போடு, "விவாகரத்தா? இப்பவே கூப்பிடுங்க"ன்னு போஸ்டர் டெம்ப்ளேட், லீட் ஜெனரேஷன்னு என்னென்னமோ. பார் கவுன்சில் விதி 36 வேலை பிடிக்கறதுக்காக விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது, ஆன்லைன் தளங்கள் வழியா வேலை தேடுற வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கணும்னு 2024 ஜூலைல இதே ஹைகோர்ட் சொல்லுச்சு. என்ரோல்மென்ட் நம்பர் (வக்கீல் பதிவு எண்) கையில இருக்கிறவங்களுக்கு இதை காசு வாங்கிட்டு சொல்லித்தர்றாங்க பாருங்க, அந்த தைரியத்தை பாராட்டணும். டெம்ப்ளேட்டை டவுன்லோட் கூட பண்ணாதீங்க.

சைடு இன்கம் பகுதியும் அரைகுறை. கேட்டரிங் பிசினஸ் ஆரம்பி, ஐடி கம்பெனில நைட் ஷிஃப்ட் போன்னு ஒருத்தர் ஈஸியா சொல்லிட்டு போறாரு. அதே பார் கவுன்சில் விதிகள்ல 47 வக்கீல் நேரடியா வியாபாரம் பண்ணக்கூடாதுங்குது, 49 முழுநேர சம்பள வேலை கூடாதுங்குது. ஆனா விதி 51ல நம்மளுக்குன்னே ஒரு கதவு திறந்து வெச்சிருக்காங்க, சட்டப் புத்தகம் எடிட் பண்ணலாம், சட்டத் தேர்வுக்கு கோச்சிங் எடுக்கலாம், கேள்வித்தாள் தயார் பண்ணலாம், பத்திரிகைல எழுதலாம், பாடம் நடத்தலாம். சட்டத்துக்கு உட்பட்டு சம்பாதிக்கறதுக்கு இவ்ளோ வழி இருக்கும்போது கேட்டரிங் எதுக்கு?

சிவில் ஜட்ஜ் எக்ஸாம் பத்தின வீடியோ பழசு. படிப்பு முடிச்சதும் நேரா எழுதலாம்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் மூணு வருஷ பிராக்டிஸ் கட்டாயம்னு திரும்ப கொண்டு வந்துடுச்சு, ப்ரொவிஷனல் என்ரோல்மென்ட் (வக்கீலா தற்காலிகமா பதிவு பண்ற) தேதில இருந்து கணக்கு, பத்து வருஷ அனுபவம் இருக்கிற வக்கீல் சர்டிஃபிகேட் தரணும், அதுல ஜட்ஜ் எண்டார்ஸ்மென்ட்டும் வேணும். வருமானம் இல்லன்னு கோர்ட்டை விட்டு விலகறதுக்கு முன்னாடி இதை யோசிக்கணும், ஆனா கோர்ஸ்காரங்க வீடியோவை மாத்தற மாதிரி தெரியல.

இப்ப நல்லதுக்கு வரேன், ஏன்னா திட்டிட்டு மட்டும் போனா நியாயம் இல்ல. செக் ரிட்டர்ன் கேஸ் பகுதி அருமை, சத்தியமா அதுக்காக மட்டும் வாங்கலாமோன்னு தோணுச்சு. எடுக்கறவரு ரொம்ப வருஷம் வக்கீல் குமாஸ்தாவா இருந்த ஒரு அண்ணன். பிபிடி எல்லாம் கிடையாது, ஒரு ரிட்டர்ன் மெமோவை, அதான் செக் திரும்பினா பேங்க் குடுக்கற சீட்டை, கேமரா முன்னாடி வெச்சு, "தம்பி, மெமோல அச்சடிச்ச தேதியை மட்டும் பாத்து ஏமாறாத, பேங்க்ல இருந்து கட்சிக்காரருக்கு தகவல் எப்ப கிடைச்சுது, அதை முதல்ல கேளு"ன்னு ஆரம்பிக்கறாரு. அங்கிருந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ், நோட்டீஸ் கையில கிடைச்சதுல இருந்து எதிராளிக்கு 15 நாள் டைம், அது முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள கம்ப்ளெயின்ட். தபால் ட்ராக்கிங் பிரின்ட்டை அன்னிக்கே எடுத்து பென்சில்ல தேதி எழுதி கட்டுல சொருகிடு, அப்புறம் தேடினா கிடைக்காதுங்கறாரு. எந்த கோர்ட்ல போடறதுங்கறதுக்கும் நம்ம கட்சிக்காரர் எந்த பிராஞ்ச்ல கணக்கு வெச்சிருக்காருன்னு பாக்கச் சொல்றாரு. கோர்ட்ல போட்ட பேப்பர் ரிட்டர்ன் ஆனா என்ன குறை போட்டிருக்காங்கன்னு படிச்சு அன்னிக்கே சரி பண்ணி ரீபிரசண்ட் பண்ணணும் (திரும்ப தாக்கல் பண்ணணும்), கோர்ட் ஆபீஸ் செக்ஷன்ல இருக்கிறவங்ககிட்ட மரியாதையா பேசணும்னு அவர் சொல்றது எந்த லா காலேஜ்லயும் கிடையாது.

இங்கதான் விஷயமே இருக்கு. பணப்புழக்கம் குறைஞ்சா வழக்கு குறையாது, இடம் மாறும். சொத்து வாங்கறதும் கம்பெனி ஆரம்பிக்கறதும் நின்னுடும், செக் திரும்பும், பேங்க் நோட்டீஸ் வரும், சம்பள பாக்கி ஏறும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப திருப்பூர்ல ஆர்டர் நின்னுச்சே, எக்ஸ்போர்ட்டருக்கு அடி விழுந்தா அவர்கிட்ட ஜாப் ஒர்க் பண்ற சின்ன பட்டறைக்காரன் பில்லும் சேந்துதான் நிக்கும். அந்த மாதிரி ஆளுக்கு எம்எஸ்எம்இ (சிறு, குறு தொழில்) சட்டத்துல வழி இருக்கு, 45 நாளுக்கு மேல பாக்கி வெச்சா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு கூட்டு வட்டி, இந்த பாக்கியை விசாரிக்கற ஃபெசிலிடேஷன் கவுன்சில்ல மனு போடலாம். உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் (சிறுதொழில் பதிவு) எப்ப எடுத்தாருன்னு முதல்ல கேட்டுக்கணும். இதெல்லாம் ஜூனியர் கைக்கு எட்டுற வேலை, சீனியருங்க பெரும்பாலும் தொட மாட்டாங்க. கோர்ஸ்ல இதுக்கு ஒரே ஒரு குட்டி வீடியோ, அதுவும் அவசர அவசரமா.

அதுக்கு பதிலா திவால் சட்டத்துக்கு இழு இழுன்னு இழுக்கறாங்க. ஒரு கோடிக்கு கீழ பாக்கின்னா திவால் கேஸை விசாரிக்கற தீர்ப்பாயமான என்சிஎல்டி பக்கமே போக முடியாது, அந்த ஃபைல் எந்த ஜூனியர் மேசைக்கு நேரா வரப்போகுது? கடன் பாக்கிக்கு பேங்க் வீட்டை ஜப்தி பண்ற சர்ஃபேசி சட்ட கேஸ்தான் தெருவுக்கு தெரு இருக்கு. 60 நாள் நோட்டீஸ்ல இருக்கும்போதே ஆட்சேபம் எழுதி குடுக்கறது, பேங்க் பொசிஷன் எடுத்தா 45 நாளுக்குள்ள டிஆர்டி (கடன் மீட்பு தீர்ப்பாயம்) போறது, இதை உக்காந்து சொல்லித் தந்திருக்கலாம்.

சர்வீஸ் சுமார். டவுட் கேக்கற வாட்ஸ்அப் குரூப்ல பாதி மெசேஜ் அடுத்த கோர்ஸுக்கு ஆஃபர்தான், ரீஃபண்ட் கேட்டா "டீம் காண்டாக்ட் பண்ணுவாங்க"ன்னு பதில், இதுவரைக்கும் எந்த டீமும் வரல. குமாஸ்தா அண்ணன் கேள்விக்கு மட்டும் ராத்திரி கூட வாய்ஸ் நோட் போடறாரு.

அஞ்சுக்கு ரெண்டரை. கார்ப்பரேட் ஃபர்ம்ல இருக்கிறவங்களுக்கு ஆரம்ப வீடியோ ஒருவேளை ஆகலாம். கோர்ட் பிராக்டிஸ்னா ரெண்டு மூணு பேர் சேந்து காசு போட முடியுதான்னு சப்போர்ட்ல கேட்டுப் பாருங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு குரூப் டிஸ்கவுன்ட் குடுத்திருக்காங்க. வாங்கினா செக் பகுதில இருந்து ஆரம்பிங்க, ஆக்சஸ் ஆறு மாசம்தான், நோட்ஸ் பிடிஎஃப் மட்டும்தான் டவுன்லோட் ஆகும், வீடியோ ஆகாது.