நெருஞ்சி முள்ளும் 29 பிஎஸ்ஐயும்: செஸ்னா 172க்கு எந்த டயர், எந்த டியூப்?

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன விமானத் திடல். அங்கே நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 1978ஆம் ஆண்டு செஸ்னா 172என் விமானம் ஒன்றை வைத்திருக்கிறோம். புது ரேடியோ வாங்கும் பேச்சு ஒரே மாலையில் முடிந்தது. டயர் மாற்றும் பேச்சு மூன்று வாரம் இழுத்தது. ஒருவர் குட்இயர்தான் என்றார். இன்னொருவர் ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஏற்றியது, போதும் என்றார். மூன்றாமவர் நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்டார். நான் டியூபைப் பற்றிப் பேசினேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம்.

எங்கள் விமானத்தின் பெரிய சக்கரங்கள் இரண்டிலும் 6.00-6 டயர், மூக்குச் சக்கரத்தில் 5.00-5. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். ஆறு அங்குல ரிம் என்றால் நம்மூர் ஸ்கூட்டர் சக்கரத்தைவிடச் சின்னது. இந்த மூன்று குட்டிச் சக்கரங்கள்தான் முழுச் சுமையில் 2300 பவுண்டு, அதாவது ஆயிரத்து நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, தாங்கித் தரையிறக்குகின்றன. செஸ்னா 152, பைப்பர் செரோக்கி போன்றவற்றிலும் பெரிய சக்கரங்களுக்கு இதே 6.00-6 அளவு பரவலாக வருவதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். காற்றழுத்த எண்ணை மட்டும் உங்கள் விமானத்தின் கையேட்டில் பாருங்கள். எங்கள் 172என்னுக்குப் பெரிய சக்கரத்தில் 29 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 29 பவுண்டு அழுத்தம். 152க்கு அதே அளவு டயரில் 21தான்.

புது டயரா, ரீட்ரெட்டா

ரீட்ரெட் என்றதும் நெடுஞ்சாலை ஓரத்தில் பாம்புச் சட்டைபோல உரிந்துகிடக்கும் லாரி டயர்ப் பட்டைதான் நமக்கு ஞாபகம் வரும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பெரிய விமான நிறுவனங்களின் டயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ரீட்ரெட் செய்யப்பட்டுத்தான் ஓடுகின்றன. நாம் போகும் ஜெட்டின் அடியில் அதுதான் இருக்கிறது என்றால், ஐம்பது, அறுபது மைல் வேகத்தில் தரைதொடும் செஸ்னாவுக்கு எதற்கு நடுங்க வேண்டும்? அமெரிக்க விமானத்துறையின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் செய்ததா என்பதுதான் முக்கியம்.

புதிதில் எங்கள் பட்டியலில் இருந்தவை குட்இயரின் ஃப்ளைட் கஸ்டம் 3, அதே நிறுவனத்தின் விலை குறைந்த ஃப்ளைட் ஸ்பெஷல் 2. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு பட்டனின் ஆழம், கஸ்டம் 3இல் ஆழம் கூடுதல். ரீட்ரெட்டில் டெஸர் நிறுவனத்தின் மான்ஸ்டர் ரீட்ரெட். பெயருக்கேற்றபடி ரப்பரை அள்ளி வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு விஷயத்தைத் தீர்த்துவைத்தது ஒரு முள். இந்தப் பக்கத்தில் அதை ஆட்டுத்தலை என்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நம்ம நெருஞ்சி! செடியும் அதே செடிதான், வெளியிலிருந்து வந்து கலிபோர்னியா முழுக்கப் படர்ந்திருக்கிறது. அதைத் தின்பதற்காக 1961இல் இத்தாலியிலிருந்து கூன்வண்டு வகைகளைக் கொண்டுவந்து விட்டார்களாம். எங்கள் திடலில் அந்த வண்டுகள் விரதம் போலிருக்கிறது. டாக்ஸிவேயின், அதாவது ஓடுபாதைக்குப் போய்வரும் வழியின், ஓரத்திலிருந்து வருகிற முள், பட்டன் தேய்ந்த டயரில் ஏறினால் நேரே டியூபைத் தொடும். அடியில் ரப்பர் கனமாக இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் பெரிய சக்கரங்களுக்கு மான்ஸ்டர் ரீட்ரெட் போட்டோம். புதுசைவிட விலையும் குறைவு.

மூக்குச் சக்கரத்துக்கு மட்டும் புது டயர். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூக்குச் சக்கரம் கொஞ்சம் சமன் தப்பினாலும் இறங்கி ஓடும்போது கைப்பிடி, டேஷ்போர்டு எல்லாம் தடதடவென்று ஆடும். அந்த ஆட்டம், அதை அடக்குவதற்கென்றே இருக்கும் ஷிம்மி டாம்பரையும் சேர்த்துக் கெடுக்கும். ரீட்ரெட்டால் சமன் தப்பும் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே மிச்சமாகும் பணம் சொற்பம்.

ரீட்ரெட்டுக்கு இன்னொரு குறை, சுற்றளவு கொஞ்சம் பெரிதாக வரலாம். சக்கர உறை, அதாவது காற்றின் தடையைக் குறைக்கச் சக்கரத்தை மூடும் கூடு, போட்டிருப்பவர்கள் டயருக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டே பறக்க வேண்டும்.

வருடத்துக்கு முப்பது மணி நேரம்தான் பறக்கிறீர்கள், மீதி நாளெல்லாம் விமானம் வெயிலில் நிற்கிறது என்றால் கதையே வேறு. உங்கள் டயர் தேயாது, பக்கவாட்டில் வெடிப்பு விட்டுத்தான் சாகும். அதற்கு ஆழமான பட்டனுக்குக் காசு கொடுப்பது வீண், ஃப்ளைட் ஸ்பெஷல் 2 போதும். மிச்சப் பணத்தில் டயருக்கு வெயில்படாமல் மூடி போடுங்கள்.

டியூப்: இதற்குத்தான் சண்டை போட்டிருக்க வேண்டும்

டியூப் இரண்டு வகை. ஒன்று இயற்கை ரப்பர். மற்றது பியூட்டில். 1937இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் உருவாக்கிய செயற்கை ரப்பர் அது. காற்று அதன் வழியே கசிவது இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு குறைவு. கார், சைக்கிள் டியூபுகளில் எப்போதோ அது வந்துவிட்டது. சின்ன விமானங்களில் மட்டும் இயற்கை ரப்பர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, காரணம் விலை. பியூட்டிலில் மிஷலினின் ஏர்ஸ்டாப், டெஸரின் லீக்கார்ட் இரண்டும் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன.

இயற்கை ரப்பருக்கும் நியாயம் உண்டு. மெத்தென்று வளையும், ரிம்முக்குள் வைப்பது சுலபம், கடுங்குளிரிலும் விறைக்காது. பனியில் பறப்பவர்கள் அதை விரும்புவதில் அர்த்தம் இருக்கிறது. எங்கள் பழைய டியூபுகள் அந்த வகைதான். மாதம் 4, 5 பிஎஸ்ஐ காணாமல் போகும். நால்வரில் யார் காற்றடிப்பது? கூட்டுச் சொத்தில் எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லை. பார்வைக்கு டயர் சரியாகவே தெரியும். ஏணியும் அளவுமானியும் இல்லாமல் எரிபொருளைக்கூட ஒருவாறு கணிக்கலாம், டயரில் 29க்கும் 23க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? விமான டயர் சுமை ஏறியதும் கார் டயரைவிட அதிகமாக அமுங்கும்படி செய்யப்பட்டது. காற்றும் குறைந்தால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கிச் சூடாகும், ஓரங்கள் சீக்கிரம் தேயும். அதைவிட மோசமானது இன்னொன்று. தரைதொடும் நொடியில் நின்றிருந்த சக்கரம் சட்டென்று சுழல வேண்டும். டயர் ரிம்மை இறுக்கிப் பிடித்திருக்கவில்லையென்றால் டயர் ரிம்மின் மேல் நழுவும். உள்ளேயிருக்கும் டியூபும் அதோடு திரும்பும். ஆனால் வால்வுத் தண்டு ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டிருக்கிறதே! ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராக நகர்ந்து, ஒருநாள் தண்டு வேரோடு பிய்ந்துவிடும். அப்புறம் ஓடுபாதையின் நடுவில் நீங்கள், பின்னால் இறங்க வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் மற்றவர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காசு செலவில்லை. டயரின் பக்கச்சுவரிலிருந்து ரிம் வரை சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுங்கள். கோடு இரண்டாக உடைந்து தெரிந்தால் டயர் நழுவியிருக்கிறது. எங்களுடையதில் இடப்பக்கக் கோடு விரல் அகலத்துக்கு விலகியிருந்ததைக் காட்டிய பிறகுதான் டியூப் பேச்சை மற்ற மூவரும் கேட்டார்கள்.

பியூட்டில் போட்ட பிறகு மூன்று மாதம் தொடவில்லை, அழுத்தம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐதான் இறங்கியிருந்தது. ஆனால் பருவம் மாறினால் பியூட்டிலும் காப்பாற்றாது. இது கசிவு இல்லை, வெப்பநிலைக் கணக்கு. 38 டிகிரி ஆகஸ்ட் மதியத்தில் சரியாக 29 வைத்துவிட்டு, 5 டிகிரி ஜனவரிக் காலையில் வந்து அளந்தால் ஏறக்குறைய 24 காட்டும். காற்று ஒரு துளிகூட வெளியே போயிருக்காது. ஆக, எந்த டியூப் போட்டாலும் அளவுமானியைத் தூக்கிப் போட முடியாது.

முள் குத்துவதற்கும் பியூட்டில் மருந்தில்லை. ஓட்டை விழுந்தால் எல்லா டியூபும் ஒன்றுதான். புது டயருக்குப் பழைய டியூபை மாட்டி மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். ஓடிய டியூப் விரிந்துபோயிருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழும், மடிப்பில் தேயும்.

நைட்ரஜன்?

பெரிய விமானங்களுக்குக் கட்டாயம், காரணமும் சின்னதில்லை. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 ஒன்றில், அளவுக்கு மீறிச் சூடான பிரேக்கால் டயர் வெடித்து, விமானம் விழுந்து 167 பேர் இறந்தார்கள். அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் வெறும் காற்று இருந்தது. ஆனால் எங்கள் செஸ்னாவின் பிரேக் அந்த வெப்பத்தின் பக்கத்தில்கூடப் போகாது. காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வாங்கப் போகாதீர்கள், கையால் அடிக்கும் பம்பு ஒன்றை விமானத்துக்குள்ளேயே வைத்திருப்பது அதைவிட உபயோகம்.

சக்கர உறை: போடுவதா, கழற்றுவதா

கையேட்டுக் கணக்கில் உறையால் கிடைப்பது ஏறக்குறைய 2 நாட், அதாவது மணிக்கு 2 கடல் மைல், கூடுதல் வேகம். அழகு தனி. உறையில்லாத 172 செருப்பில்லாமல் கல்யாணத்துக்கு வந்தவர்போல இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறை இருந்தால் காற்று பார்ப்பதற்கே ஒரு சடங்கு: சின்னத் துளைக்கு நேராக வால்வு வரும்வரை விமானத்தைத் தள்ள வேண்டும், வால்வு மூடியைக் கழற்ற விரல் நுழையாது, மூடி உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போயிற்று. விளைவு, யாரும் பார்ப்பதில்லை. முள் ஏறியிருக்கிறதா என்றும் தெரியாது. நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அந்த 2 நாட் பெரிதாக இருக்கலாம். பக்கத்து ஊருக்குப் போய் காலைச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்புகிற எங்களுக்கு இல்லை. நாங்கள் கழற்றிவிட்டோம். மூவரில் ஒருவருக்கு இன்னும் வருத்தம்.

நாமே மாற்றுவதா, பட்டறையா

அமெரிக்காவில் விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தன் விமானத்தின் டயரைத் தானே கழற்றி மாட்டலாம், சக்கர பேரிங்கைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கலாம், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். சட்டம் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அதற்காக முதல்முறையே தனியாக இறங்காதீர்கள். நான் இறங்கினேன்.

விமான ரிம் இரண்டு பாதிகளை போல்ட் போட்டு இணைத்தது. காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டுகளைத் தொட்டால் ரிம் வெடித்துப் பிரியும், உயிருக்கே ஆபத்து. அது தெரிந்திருந்தது. தெரியாதது, இரண்டு பாதிகளுக்கு நடுவே டியூப் எவ்வளவு நைசாக மாட்டிக்கொள்ளும் என்பது. புது பியூட்டில் டியூப், முதல் நாளே கடிபட்டுப் போயிற்று. பழைய மெக்கானிக் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லித் தந்தார்: டியூபில் லேசாகக் காற்றடித்து உருண்டை வடிவம் வரவைத்து, டால்கம் பவுடர் பூசி, பிறகே உள்ளே வைக்க வேண்டும். டயரின் சிவப்புப் புள்ளி அதன் இலேசான பக்கம், டியூபின் மஞ்சள் குறி அதன் கனமான பக்கம், இரண்டும் சேர்ந்து வர வேண்டும். மஞ்சள் குறி இல்லையென்றால் சிவப்புப் புள்ளி வால்வுக்கு நேரே. போல்ட்டை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முறுக்க வேண்டும், இம்பாக்ட் கன் கூடாது. காற்றை நிரப்பி, முழுக்க இறக்கி, மறுபடி நிரப்பினால் மடிப்பு போகும். மறுநாள் இன்னொரு முறை அளக்க வேண்டும், ஏனென்றால் டயர் கொஞ்சம் விரிந்திருக்கும்.

இரண்டாவது முறை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பட்டறைக்குக் கொடுத்தால் டயர் விலைக்குக் கிட்டத்தட்டக் கூலியும் சேரும். ஒருமுறை யாராவது பக்கத்தில் நின்று காட்டினால் நாமே செய்வதுதான் லாபம். டயர் எப்படித் தேய்கிறது என்பதும் கண்ணில் படும். செஸ்னாவின் எஃகுக் கால்கள் சுமைக்கேற்ப விரிந்து சுருங்குவதால் ஒரு ஓரம் மட்டும் தேயும். பாதியில் டயரைத் திருப்பிப் போட்டால் மறு ஓரமும் உழைக்கும். இதைப் பட்டறைக்காரர் உங்களுக்காக ஞாபகம் வைத்திருக்க மாட்டார்.

கிரீஸில் ஏரோஷெல் 5, மொபிலின் எஸ்எச்சி 100 இரண்டையும் வைத்துப் பேசுபவர்கள் உண்டு. உங்கள் சக்கரத்தின் கையேடு அனுமதித்தால் எதுவானாலும் சரி. ஒன்றின் மேல் மற்றதை வைக்க மட்டும் வேண்டாம். முன்னது களிமண் கலந்தது, பின்னது லித்தியம், இரண்டும் ஒத்துப்போகாமல் இளகி ஒழுகும். எங்கள் பதிவேட்டில் போன உரிமையாளர் "கிரீஸ் வைத்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். எந்த கிரீஸ் என்று தெரியாததால், இரண்டு பேரிங்கையும் கழுவித் துடைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.