சொந்தமாகச் செய்யும் மின் சிகரெட்டுக்கு எந்த பேட்டரி? ஓர் ஒப்பீடு

போன மாதம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்து, ஊதா உறை போட்ட 18650 என்ற உருளை பேட்டரி செல் ஒன்றை மேசையில் வைத்தார். “அண்ணா, இதில 5000 எண்டு போட்டிருக்கு. நல்லதுதானே?” என்று கேட்டார். சிகரெட்டை விடப் பார்க்கிறார். அதற்காக அலுமினியப் பெட்டி ஒன்றில் தானே ஒரு வேப் கருவி, அதாவது மின் சிகரெட், செய்துகொண்டிருக்கிறார். பெட்டி, பொத்தான், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கியவர், பேட்டரியை மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு சந்தைக் கடையில் எடுத்து வந்துவிட்டார். சமையலறைத் தராசில் வைத்தேன். 31 கிராம். உண்மையான 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். உள்ளே பாதி காலி என்று தராசே சொல்லிவிட்டது.

இதை எழுத அந்த ஊதா செல்தான் காரணம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2019 சட்டப்படி மின் சிகரெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். நான் எழுதுவது பிரிட்டன் போல அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு. அங்கேயும், புகைக்காதவர்கள் இதைத் தொடங்க ஒரு காரணமும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பேட்டரி வாங்கும்போது எல்லார் கண்ணும் கொள்ளளவைச் சொல்லும் மில்லி ஆம்பியர்-மணி எண்ணுக்குத்தான் போகிறது. கைபேசி பழக்கம் அது. கைபேசி இழுப்பது ஓரிரண்டு ஆம்பியர். வேப்பில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயில் அப்படியல்ல, பொத்தானை அமுக்கும் அந்த மூன்று நான்கு நொடியில் பத்து, இருபது ஆம்பியர் என்று உறிஞ்சும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்த செல் இடைவிடாமல் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது. கொள்ளளவு அதற்கு அப்புறம்தான்.

கணக்கு எளிது. போர்டு இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராகக் காயிலுக்குப் போகும் மெக்கானிக்கல் வகையில், முழு சார்ஜில் 4.2 வோல்ட். காயில் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். போர்டு வைத்த கருவியில் கணக்கு தலைகீழ். போர்டு கேட்ட வாட்டைக் கொடுத்தே தீரும் என்பதால், பேட்டரி இறங்க இறங்க அதிக ஆம்பியர் இழுக்கும். 40 வாட் வைத்திருக்கிறீர்கள், செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது, போர்டின் திறன் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 14 ஆம்பியர். 60 வாட் என்றால் 21. காலையில் குளிர்ச்சியாக இருந்த பெட்டி மாலையில் சுடுவது இதனால்தான். எனவே எப்போதும் கடைசி நிலையை வைத்தே கணக்குப் போடுங்கள், முழு சார்ஜை வைத்தல்ல.

இனி ஒவ்வொன்றாக. முதலில் 18650. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரே அளவுதான், ஆனால் குணம் வேறு வேறு. சாம்சங் 25ஆர் 2500 மில்லி ஆம்பியர்-மணி, 20 ஆம்பியர். அதே சாம்சங்கின் 35இ 3500 மில்லி ஆம்பியர்-மணி, ஆனால் 8 ஆம்பியர்தான். எண்ணைப் பார்த்து 35இ-யை எடுத்தவர் ஏமாந்தார். டார்ச் லைட்டுக்கும் பவர் பேங்குக்கும் அது தங்கமான செல், 20 ஆம்பியர் இழுக்கும் காயிலுக்கு ஆகாது. நடுவில் நிற்பவை சாம்சங் 30கியூ (3000, 15 ஆம்பியர்), பழுப்பு உறையால் பலரும் ‘சாக்லேட்’ என்று கூப்பிடும் எல்ஜி எச்ஜி2 (3000, 20 ஆம்பியர்). ஆம்பியர்தான் முக்கியம் என்றால் சோனி விடிசி5ஏ (2600, 25 ஆம்பியர்). சோனி தன் பேட்டரித் தொழிலை 2017-ல் முராட்டாவிடம் கொடுத்துவிட்டதால் இப்போது முராட்டா பெயரிலும் வரும். தைவானின் மோலிசெல் பி28ஏ 2800 கொள்ளளவில் 35 ஆம்பியர் என்கிறது. அந்த எண்ணை நான் முழுதாக நம்பிச் செலவழிப்பதில்லை, 25 வரைதான் கேட்பேன். ஆனால் அந்த 25-ல் மற்றவற்றைவிடக் குறைவாகச் சூடாகிறது.

ஒரே வேதியியலில் கொள்ளளவைக் கூட்டினால் ஆம்பியர் குறையும். உள்ளே சுருட்டி வைத்த தகட்டில் சேமிக்கும் பூச்சைத் தடிமனாக்கினால் கொள்ளளவு ஏறும், மின்னோட்டம் வெளியே வரும் பாதை நெருக்கடியாகும். 5000-மும் வேண்டும் 40 ஆம்பியரும் வேண்டும் என்றால் இந்த அளவு செல்லில் நடக்காது. உறையில் அப்படி அச்சடித்திருந்தால் அது பொய்.

இடம் இருந்தால் 21700. 21-க்கு 70 மில்லிமீட்டர். பருமனில் 18650-ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, எடை 70 கிராம் அளவில். மோலிசெல் பி42ஏ 4200 கொள்ளளவுடன் 45 ஆம்பியர் தருவதாகச் சொல்கிறது. சாம்சங் 40டி 4000. புதிதாக ஒற்றை செல் பெட்டி செய்பவருக்கு என் முதல் சிபாரிசு இந்த 21700 அளவுதான். 60 வாட் வரை மூச்சு வாங்காமல் ஓடும், நாள் முழுக்கத் தாங்கும். பழைய 18650 ஸ்லெட்டில் (செல்லைப் பிடித்துவைக்கும் தொட்டிலில்) நுழையாது என்பது மட்டும்தான் குறை. ஸ்லெட் வாங்குமுன் பெட்டியின் உள் நீளத்தை அளந்துவிடுங்கள்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பொட்டலத்தை விரும்புபவர்களும் உண்டு. 2015-ல் எவால்வ் நிறுவனத்தின் டிஎன்ஏ 200 போர்டு வந்தபோது, அது மூன்று செல் லிப்போவுக்கென்றே செய்யப்பட்டது. 200 வாட் வரை போகும். தட்டையாக இருப்பதால் பெட்டி சிறிதாகும், ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் சமன் செய்யும் தனி வயர் இருக்கும். எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிகளில் வழக்கமாகப் போட்ட 900 மில்லி ஆம்பியர்-மணி பொட்டலத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 11.1 வோல்ட், 0.9 ஆம்பியர்-மணி, ஆக 10 வாட்-மணி. 3000 கொள்ளளவு உள்ள ஒற்றை 18650 இதைவிடச் சற்றுக் கூடவே வைத்திருக்கும். அவ்வளவு அமர்க்களத்துக்கும் கிடைப்பது ஒரு செல்லின் சக்தி. இன்னொன்று, இதற்கு உலோக உடை கிடையாது. மென்மையான அலுமினியப் பைதான். உள்ளே ஒரு ஸ்க்ரூ முனை நீட்டிக்கொண்டிருந்தால் பை கிழியும். உப்பிப்போனால் உடனே எடுத்துப் போட வேண்டும். உறையில் போட்ட ‘சி’ எண்ணும் (கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்பது) பெரும்பாலும் ஊதிப் பெருக்கியதே. 35சி என்று இருந்தால் 20சி-யாக நினைத்துக்கொள்கிறேன். சாலிடரில் கை தேறி, சமன் செய்யும் சார்ஜ் வசதி உள்ள போர்டு வைத்திருப்பவர் மட்டும் இதன் பக்கம் போகலாம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சொன்னவற்றில் மிகவும் சாதுவான வேதியியல் அதுதான், எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். ஏ123 நிறுவனத்தின் 26650 செல் 70 ஆம்பியர் வரை அசராமல் தரும். ஆனால் 3.3 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி, 18650-ஐவிட இரண்டு மடங்கு பருமன். கையில் பிடிக்கும் கருவிக்குப் பாரம். பாதுகாப்பே முதல், பெட்டி பெரிதானாலும் பரவாயில்லை என்பவருக்கு மனமுவந்து சொல்வேன். போர்டு அந்த வேதியியலை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், சார்ஜரும் 3.65 வோல்ட்டில் நிற்பதாக இருக்க வேண்டும்.

பழைய லேப்டாப்பிலிருந்து உரித்த செல் வேண்டவே வேண்டாம். அது 35இ வகையறா, அதுவும் தேய்ந்தது. அடியில் பாதுகாப்பு சர்க்யூட் ஒட்டிய செல்லும் ஒத்துவராது. நீளம் கூடி ஸ்லெட்டில் இறுகும், காயில் இழுக்கும்போது சர்க்யூட் வெட்டிவிடும்.

எந்த செல்லானாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் மேல் விளிம்பைப் பாருங்கள். நடுவில் இருக்கும் மேடு பாசிட்டிவ். அதைச் சுற்றி ஒரு வெள்ளை அட்டை வளையம். அந்த வளையத்துக்கு அடியிலேயே உலோகக் குடுவையின் விளிம்பு, அது நெகட்டிவ். இரண்டுக்கும் இடையில் ஓரிரு மில்லிமீட்டர்தான். மெல்லிய பிளாஸ்டிக் உறை அங்கே நகத்தளவு கிழிந்து, ஸ்லெட்டின் உலோகம் அதில் பட்டால் நேரடி ஷார்ட். என் பச்சை 25ஆர் ஒன்றில் அப்படி ஒரு கீறல் விழுந்தது. ஒரு வாரம் தெரியாமலே ஓட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அளவான உறை வாங்கி, புது வளையம் வைத்து, ஹேர் டிரையரால் சுருக்கினால் ஐந்து நிமிட வேலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018 மே மாதம் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் வேப் கருவி வெடித்து ஒருவர் இறந்தார். 2019-ல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 24 வயது இளைஞர் ஒருவர். செல்லுக்குள் வாயு பெருகும்போது அது வெளியேற வழி வேண்டும். மூடிய உலோகக் குழாயில் வழி இல்லையென்றால் குழாயே குண்டாகிவிடும். பெட்டியில் காற்றுத் துளைகள் போடுங்கள், ஒரு ஃபியூஸும் வையுங்கள். புதிதாகத் தொடங்குபவர் யாருக்கும் மெக்கானிக்கல் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டு செல் போடுவதாக இருந்தால் ஒரே நாளில் வாங்கிய ஜோடியாக இருக்கட்டும், கடைசி வரை சேர்ந்தே சார்ஜ் ஆகட்டும். ஒன்றைப் பிரித்து டார்ச்சுக்கு எடுத்துவிட்டுத் திரும்பப் போடக் கூடாது. பையில் கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் டப்பா கட்டாயம். சாவிக்கொத்தோடு உரசினால் கால்சட்டைப் பையிலேயே தீப்பிடிக்கும்.

தம்பி இப்போது ஒரு பி42ஏ-யும் அதற்கேற்ற ஸ்லெட்டும் வாங்கிவிட்டார். 35 வாட்டில் ஓட்டுகிறார். அந்த ஊதா செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பேட்டரிப் பெட்டியில் நான்தான் போட்டு வந்தேன். வருஷத்துக்கு 32 கிலோவுக்கு மேல் பேட்டரி விற்கும் எந்தக் கடையும் இங்கே பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அதனால் குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.