செலவுத்தொகை உத்தரவு: டில்லியில் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

வாடகைப் பாக்கி, அட்வான்ஸ், கைமாற்று என்று மயூர் விஹாரிலிருந்து கர்கர்டூமா கோர்ட் ஏறும் நம்மவர்களுக்கு, கேஸ் தோற்றதைவிட 'எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கொடு' என்ற வரிதான் அதிகம் வலிக்கிறது. உடனே ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். முதலில் உத்தரவு சிவில் நடைமுறைச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வந்தது என்று பாருங்கள்.

பொய் வழக்கு என்று 35ஏ பிரிவில் வந்திருந்தால் வழி சுலபம். 104ஆம் பிரிவே அப்பீல் உரிமை தருகிறது. 3 லட்சம் வரையான வழக்கை விசாரிக்கும் சிவில் நீதிபதி போட்ட உத்தரவென்றால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். கட்டச் சொல்லப்பட்டவருக்கு மட்டுமே இந்த உரிமை. 'குறைவாகத் தந்தார்கள்' என்று மற்றவர் போக முடியாது. 35ஏ பிரிவில் விதிக்கும் தொகைக்கு உச்சவரம்பு 3,000 ரூபாய். பொய் வழக்கால் வருடக்கணக்கில் அலைந்தவருக்கு இது அநியாயம். குறைந்தது ஒரு லட்சமாக உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியும் சட்டம் மாறவில்லை.

தீர்ப்போடு சேர்ந்து 35ஆம் பிரிவில் வரும் செலவுத்தொகை வேறு. அதை மட்டும் எதிர்த்து அப்பீல் போனால், சட்டக் கொள்கை ஏதாவது அடங்கியிருந்தால் ஒழியப் பொதுவாக எடுபடாது. கொள்கை இருந்தால் நிற்கும். டில்லி ஹைகோர்ட் ஒரு குத்தகை வழக்கில் 45 லட்சத்துக்கு மேல் விதித்ததை, விதிகள் அதற்கு இடம் தரவில்லை என்று அதே 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிவில் நீதிபதியின் தீர்ப்பென்றால் மாவட்ட நீதிபதியிடம் 30 நாள். மாவட்ட நீதிபதியின் தீர்ப்பென்றால் ஹைகோர்ட்டில் 90 நாள். 2 கோடிக்கு மேற்பட்ட வழக்கு ஹைகோர்ட்டிலேயே தொடங்குவதால், தனி நீதிபதியின் தீர்ப்புக்கு எதிராக அங்கேயே இரு நீதிபதி அமர்வில் 30 நாள். வணிக வழக்குகளுக்குத் தனிச் சட்டம், 60 நாள்.

கூட்டல் பிழைதான் என்றால் அப்பீலே வேண்டாம். தீர்ப்பளித்த கோர்ட்டிலேயே 152ஆம் பிரிவில் மனு போடுங்கள். அதற்குக் கெடு கிடையாது.

வாய்தா இழுத்ததற்காக 35பி பிரிவில் விதித்தால் அப்பீல் இல்லை. அரசியலமைப்பின் 227ஆம் பிரிவில் ஹைகோர்ட்டை அணுகலாம், ஆனால் அது மேற்பார்வை அதிகாரம்தான். தொகையைக் கூட்டிக் குறைக்க அங்கே ஆர்வம் காட்டமாட்டார்கள். அதுவரை தொகை கட்டாமல் உங்கள் தரப்பை மேற்கொண்டு நடத்தவும் முடியாது. இரண்டாயிரம், ஐயாயிரம் என்றால் கட்டிவிட்டு வழக்கைப் பாருங்கள் என்பேன். ஹைகோர்ட் வக்கீல் ஃபீஸே அதைத் தாண்டிவிடும்.