ஃபாஃப்சா படிவம்: மணமான மாணவர்களுக்கு எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் மத்திய அரசின் நிதியுதவி கேட்க ஃபாஃப்சாதான் வாசல். நிரப்பக் கட்டணம் கிடையாது. 2024-25இல் வந்த புதிய வடிவத்தில் கேள்விகள் நன்றாகவே குறைந்துள்ளன. ஆனாலும் மணமானவர்கள் நிதானமாக நிரப்ப வேண்டும்.

மணமானவர் என்று குறித்தால் பெற்றோர் வருமானம் கணக்கிலிருந்து விலகிவிடும். அந்த இடத்தில் துணைவரின் வருமானம் வந்து உட்காரும். வரியைத் தனித்தனியாகத் தாக்கல் செய்து தப்பிக்கும் யோசனை இங்கே செல்லாது. வருமானத்தைப் பொறுத்துக் கடன் தவணை கட்டும் ஐபிஆர் திட்டத்தில் அது பலிக்கும். குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது. ஃபாஃப்சாவில் தனித்தனித் தாக்கல் கூடுதல் வேலைதான்: துணைவரும் சொந்தக் கணக்கு திறந்து, தன் வரி விவரங்களை எடுக்க ஒப்புதல் தந்து, கையொப்பமிட வேண்டும். அவர் ஒப்புதல் தராவிட்டால் மத்திய அரசின் உதவி எதுவும் வராது. சேர்ந்து தாக்கல் செய்திருந்தால் மாணவரின் ஒப்புதலே போதும்.

அடுத்த சிக்கல் தேதி. மண நிலை படிவம் நிரப்பும் நாளைப் பொறுத்தது. வருமானமோ இரண்டாண்டு பழையது. 2026-27க்கு 2024 வருமானம். அதனால் 2025இல் மணந்தாலும் துணைவரின் 2024 சம்பளம் சேரும். நிரப்பிய பிறகு கல்யாணம் என்றால், கல்லூரி அவசியம் என்று கருதினால் ஒழிய நிலையை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 24 வயதுக்குள் இருப்பவர் மணமாகாதவராக நிரப்பினால் பொதுவாகப் பெற்றோர் வருமானம் உள்ளே வரும். பெற்றோர் வருமானமா, துணைவர் வருமானமா, எது குறைவு என்று பார்த்துப் படிவம் நிரப்பும் நாளைக் குறியுங்கள். ஃபாஃப்சா நிரப்பும் தளத்திலேயே உள்ள எஸ்டிமேட்டர் என்ற கணிப்புக் கருவியில் இரண்டையும் போட்டுப் பார்க்கலாம்.

குழந்தை இல்லாத தம்பதிக்குக் கணக்கு கடுமை. வரியும் வாழ்க்கைச் செலவுக் கழிவும் போக மிஞ்சுவதில் 50 சதவீதம் எஸ்ஏஐ எண்ணில் (எவ்வளவு உதவி தரலாம் என்று முடிவு செய்யும் எண்) ஏறும். குழந்தை இருந்தால் 22 முதல் 47 சதவீதம் வரை படிப்படியாக. திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையான பெல் கிராண்டின் உச்சம் 7,395 டாலர். வருமானம் வறுமைக்கோட்டை ஒட்டி இல்லாதவர்களுக்கு அதிலிருந்து எஸ்ஏஐ கழியும். எஸ்ஏஐ 4,000 என்றால், முழுநேர மாணவருக்குச் சுமார் 3,395. தம்பதி இருவரும் படித்தால் முன்பு குடும்பத்தின் பங்காகக் கணக்கிட்ட தொகை பாதியாகப் பிரியும். புதிய விதியில் அந்தச் சலுகை போய்விட்டது. இது நியாயமான மாற்றமாகத் தெரியவில்லை. தேவையைப் பார்க்காமல் தரும் மானியமில்லாத (அன்சப்சிடைஸ்டு) கடனுக்கு மட்டும் துணைவரின் சம்பளம் தடையில்லை.

துணைவருக்கு வேலை போய்விட்டதா? படிவத்தில் பழைய வருமானத்தைத் திருத்தாதீர்கள். பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டோடு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். முடிவு அவர்கள் கையில்.

நம்மவர்களுக்கு: எஃப்-1, எச்-4 விசாவில் படிப்பவருக்கு இந்த உதவி இல்லை. கிரீன் கார்டு உள்ள மாணவரின் துணைவர் எச்-1பியில் இருந்தால் தடையில்லை. அவர் சம்பளமும் சேரும். பெயரை, இனிஷியல் விரிவு உட்பட, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.