அப்பாவின் பீட்டிலுக்கு சிந்தெடிக் ஆயில்: 9 வருட அனுபவம்

எங்கள் வீட்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் 1974-ல் தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் செய்த 1600 சிசி மாடல். அந்த ஊருக்கு இப்போது கரியேகா என்று பெயர். அப்பா அதை செகண்ட் ஹேண்டாக வாங்கி ஓட்டி, 2016-ல் முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் சாவியை என்னிடம் கொடுத்தார். அன்றிலிருந்து 41,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். பெரும்பாலும் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் நகருக்குள், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை ஹோவிக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு.

சாவி கைக்கு வந்த வேகத்தில், உள்ளே ஊற்றுகிற எல்லாவற்றையும் சிந்தெடிக்காக, அதாவது ரசாயன முறையில் செய்த உயர்ரகமாக, மாற்றிவிட்டால் வண்டி இன்னும் ஐம்பது வருடம் ஓடும் என்று நினைத்தேன். எல்லாம் என்றால் மூன்றுதான்: என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில். ரேடியேட்டரே கிடையாது, காற்றும் ஆயிலும்தான் என்ஜினின் சூட்டைத் தணிக்கின்றன. மூன்றில் ஒன்றில்தான் அந்த மாற்றம் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது, மற்ற இரண்டிலும் பழையபடிக்கே திரும்பிவிட்டேன்.

முதலில் என்ஜின் ஆயில். கடையில் அப்போது கையிருப்பில் இருந்த 10டபிள்யூ-40 முழு சிந்தெடிக்கை ஊற்றினேன் (முதல் எண் குளிரிலும் இரண்டாவது எண் சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும்). காலையில் ஸ்டார்ட் செய்ததும் டாப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் சீக்கிரமே அடங்கியது, சந்தோஷமாக இருந்தது. அப்புறம் புனித வெள்ளி வந்தது. மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கு எத்தனை வண்டி வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் அரை மணி நேரம் ஊர்ந்து போனபோது, ஐட்லிங்கில், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு லேசாக மினுக்கத் தொடங்கியது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைகிறது, விட்டால் திரும்ப மினுக்குகிறது. பின்சீட்டில் அம்மா மடியில் பால் குடத்தோடு உட்கார்ந்திருக்க, நான் அந்த விளக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை சிந்தெடிக்கின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பேரிங் இடைவெளி கூடிப்போன ஒரு பழைய என்ஜினுக்குச் சூட்டில் அவ்வளவு மெல்லிசாகிற ஆயிலை ஊற்றியது என் தவறு.

அடுத்த தடவை 15டபிள்யூ-50 சிந்தெடிக். விளக்குப் பிரச்சினை அதோடு போயிற்று. ஆனால் இரண்டு மாதத்தில் கராஜ் தரையில் இரண்டு பக்கமும் கறை, வால்வைத் தள்ளும் கம்பிகள் போகிற புஷ்ராட் குழாய்களின் முனையில் ஈரம். என் மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆயில் சீலைத் தின்னல, இத்தனை வருஷமா வெடிப்பை அடைச்சுக்கிட்டிருந்த அழுக்கைக் கழுவிட்டுது, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று சீல்களைக் கழற்றியபோது தெரிந்தது. ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகி, விரலில் வளைத்தால் உடைந்தது.

புதுச் சீல் போட்ட பிறகும் நான் சாதாரண மினரல் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த) 20டபிள்யூ-50-க்குத்தான் திரும்பினேன், அதற்குக் காரணம் கசிவு இல்லை. இந்த என்ஜினில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, அடியில் கம்பிவலைச் சல்லடை ஒன்றுதான். மொத்தமே 2.5 லிட்டர் ஆயில். நுண்ணிய கரியும் பெட்ரோலும் அந்த 2.5 லிட்டரிலேயே சேர்ந்துகொண்டிருக்கும், ஆயில் எவ்வளவு உசத்தியானாலும் அந்த அழுக்கு எங்கே போகும்? ஆகவே 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். நீண்ட நாள் கெடாமல் இருப்பதுதான் சிந்தெடிக்கின் பெரிய பலம், அந்தப் பலத்துக்கு இங்கே வேலையே இல்லாதபோது மூன்று மடங்கு விலை எதற்கு? தனி ஃபில்டரும் பெரிய பம்பும் வைத்துக் கட்டிய என்ஜின் என்றால் கணக்கு வேறு, அப்போது நானே சிந்தெடிக் என்பேன். சல்லடை மூடியின் ஆறு நட்டுகளை மட்டும் முறுக்கித் தள்ளாதீர்கள், 7 நியூட்டன் மீட்டர் போதும், ஸ்டட் உருவி வந்தால் வேலை பெரிதாகிவிடும்.

சூடு குறையும் என்கிறார்கள். டிப்ஸ்டிக் தெர்மாமீட்டர் வைத்து, ஹோவிக் போகிற வழியில் உள்ள டவுன் ஹில் என்ற மலைச்சாலை ஏற்றத்தில் இரண்டு ஆயிலிலும் பார்த்தேன், சொல்லும்படி வித்தியாசமே இல்லை. என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளின் ஓரத்து ரப்பரைப் புதிதாகப் போட்டு, இக்னிஷன் டைமிங்கைச் சரிசெய்த பிறகுதான் உண்மையாகவே குறைந்தது.

துத்தநாகம் பற்றி ஒரு வார்த்தை. கேம் ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் உரசி ஓடுகிற இந்த மாதிரி என்ஜின்களுக்கு ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் போதுமான அளவு இருக்க வேண்டும். 2004-ல் வந்த ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) எஸ்எம் தரத்தில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்ற, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். 20டபிள்யூ-50-க்கு அந்த உச்சவரம்பு இல்லை. எனவே டின்னில் சிந்தெடிக் என்று போட்டிருக்கிறதா என்பதற்கு முன்னால் 20டபிள்யூ-50 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கியர் ஆயிலில்தான் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைத்தது. இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் ஹோவிக்கில் காலையில் வண்டியை எடுத்தால் இரண்டாவது கியர் கரகரவென்று சத்தம் போட்டுத்தான் விழும். 75டபிள்யூ-90 சிந்தெடிக் கேட்டதற்குக் கடைக்காரர் ஜிஎல்-5 (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரக் குறியீடு) எடுத்துக் கொடுத்து, எண் பெரிதானால் தரமும் பெரிது என்றார். அப்படி இல்லை. ஜிஎல்-5-ல் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு அது ஆகாது. அலைந்து திரிந்து ஜிஎல்-4 சிந்தெடிக் வாங்கி ஊற்றினேன். முதல் குளிர்காலத்திலேயே கரகரப்பு நின்றது. 25,000 கிலோமீட்டர் கழித்து வடித்தபோது காந்த பிளக்கில் கண்மை போல மெல்லிய சாம்பல் பசைதான் இருந்தது, தேய்த்துப் பார்த்தால் ஒரு துகள்கூட விரலில் தட்டவில்லை. வடிப்பதற்கு முன் ஆயில் ஊற்றுகிற மேல் பிளக் கழலுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கழலாவிட்டால் கீழே வடித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வழியிருக்காது.

பிரேக்கில் நான் செய்தது ஆபத்தான வேலை. டாட் 5 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) என்கிற சிலிக்கோன் ஆயில் பெயின்ட்டை அரிக்காது, ஈரத்தை உறிஞ்சாது என்று படித்து, லைன் முழுக்கக் காலி செய்து அதை ஊற்றினேன். நுண்குமிழிகள் அதிலிருந்து லேசில் வெளியேறாது, பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. சில மாதம் கழித்து ஹிகின்சன் ஹைவேயில் பின்னால் வந்த மினிபஸ் டாக்ஸிக்காரர் ஹாரனை விடாமல் அடித்துப் பக்கத்தில் வந்து, பிரேக் விளக்கே எரியவில்லை என்று கத்தினார். பீட்டிலில் அந்த சுவிட்சுகள் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை, சிலிக்கோன் உள்ளே புகுந்து இரண்டையும் கெடுத்திருந்தது. வீட்டுக்கு வந்து சேரும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

இப்போது டாட் 4-தான். புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். டர்பனின் கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஹோவிக்கிலிருந்து திரும்பும்போது டவுன் ஹில் இறக்கத்தை நினைத்தே வருடா வருடம் மாற்றுகிறேன். டாட் 5.1 என்பது பெயரில்தான் 5, அது டாட் 4 போலவே கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கோனோடு அதைக் கலக்கவே கூடாது.

இந்த வருடத்து மாற்றல் போன சனிக்கிழமை முடிந்தது. அப்பா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து வலியில்லாத காலால் பெடலை அமுக்கி "பிடிச்சிருக்கேன்" என்பார், நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூடி "விடுங்க" என்பேன். நான்கு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரம் ஆனது. கடைசிச் சக்கரத்தில் குமிழி இல்லாமல் தெளிவாக வந்தபோது, பெடல் கல் மாதிரி நிற்கிறது என்றார் அப்பா.