ஒரே பெயர், மூன்று 'மம்மி': எதில் சிரிப்பும் பயமும் சேர்கின்றன?

'தி மம்மி' என்ற பெயரில் யுனிவர்சல் நிறுவனம் 1932, 1999, 2017 என மூன்று முறை படம் எடுத்திருக்கிறது. உறங்கும் எகிப்தியப் பிணத்தை எழுப்பினால் சாபமும் கூடவே எழும், மூன்றிலும் இதுதான் கதை. பயந்துகொண்டே சிரிக்க வேண்டுமென்றால் 1999 படத்தைத்தான் எடுக்க வேண்டும்.

1932 படம் 73 நிமிடம்தான். துட்டன்காமன் கல்லறை 1922இல் கிடைத்து, அகழ்வுச் செலவை ஏற்ற கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் கொசுக்கடி சீழ்பிடித்து இறந்ததும் கிளம்பிய சாபப் பேச்சு அப்போது அடங்கியிருக்கவில்லை. மம்மியாக நடித்த போரிஸ் கார்லாஃபுக்குத் துணி சுற்றி ஒப்பனை போட ஜாக் பியர்ஸ் சுமார் எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அந்தக் கோலம் வருவதோ தொடக்கக் காட்சியில் மட்டும். கண் லேசாகத் திறக்கிறது, ஒரு கை சுருளேட்டை எடுக்கிறது, துணி நுனி தரையில் இழுபட்டுப் போகிறது. அவ்வளவுதான், நடப்பதைக் காட்டவே இல்லை. அதைப் பார்த்த இளைஞன் புத்தி பேதலித்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு நமக்கு நடுக்கம்.

ஸ்டீபன் சாமர்ஸின் 1999 படம் சிரிப்பையும் பயத்தையும் ஆள் பிரித்துக் கொடுத்துவிட்டது. பிரெண்டன் ஃபிரேசர், ரேச்சல் வைஸ், ஜான் ஹானா மூவரும் சிரிக்க வைக்கிறார்கள். மம்மியான இம்ஹோடெப்பாக வரும் ஆர்னால்ட் வாஸ்லூ விளையாட்டுக்கென ஒன்றும் செய்வதில்லை, காதலியை மீட்க வந்தவனாகவே நடிக்கிறார். அவர் உள்ளே வந்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. நகைச்சுவை கதையையும் நகர்த்துகிறது. இம்ஹோடெப் நெருங்கி வர, பெனி என்ற கோழை தன் கழுத்துச் சங்கிலியில் உள்ள மதச் சின்னங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து வேண்டுகிறான். எபிரேயம் காதில் விழுந்ததும் இம்ஹோடெப் நிற்கிறான்: அது அடிமைகளின் மொழி. பெனி உயிர் பிழைக்கிறான், பகைவனுக்குக் கையாளாகவும் ஆகிறான். இவ்வளவும் ஒரே நகைச்சுவையில் நடந்துவிடுகிறது.

வரலாறு தேடிப் போகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். உண்மையான இம்ஹோடெப் ஜோசர் மன்னரின் அமைச்சர். சக்காராவின் படிப் பிரமிடு அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுவது. படத்தில் வரும் மன்னர் முதலாம் சேட்டிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவர். பிணத்தின் உள்ளுறுப்புகளை வைக்கும் ஜாடிகள் உண்மையில் நான்கு, படத்தில் ஐந்து. படத்தில் ஆளைத் தின்னும் ஸ்கேரப் உண்மையில் சாணவண்டு, சதை தின்னாது. கதைக்காக வளைத்தவை இவை, படத்தின் வேகத்தில் உறுத்துவதில்லை.

2017 படத்தில் நாயகன் டாம் க்ரூஸ் இருக்கும் விமானம் விழும் காட்சியை, நிஜ விமானத்தைப் பாய்ந்து இறங்கச் செய்து எடையற்ற நிலையில் எடுத்தார்கள். படத்தின் உச்சம் அதுதான். அதன்பின் சாபம் பட்டவனும் நாயகனே, சிரிக்க வைப்பவனும் நாயகனே. செத்த நண்பனும் ஆவியாக வந்து கிண்டலடிக்கிறான். சோஃபியா பௌடெல்லா நடித்த மம்மியான அமனெட், பார்வையாலேயே மிரட்டக்கூடியவள், நடுப்பகுதியில் சங்கிலியில் கிடக்கிறாள். அந்த நேரத்தில் வேறொரு திகில் கதையின் பாத்திரமான டாக்டர் ஜெகில் வந்து, அடுத்தடுத்து வரவிருந்த அரக்கப் படங்களுக்கு அறிமுகவுரை ஆற்றுகிறார். கதை அங்கே அப்படியே நின்றுவிடுகிறது.

சிறு பிள்ளைகளோடு 1999 படத்தைப் பார்த்தால், சிறை அதிகாரியின் தோலுக்கடியில் வண்டு ஊரும் காட்சிக்கு முன் ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள்.